வேலந்தாவளத்திலிருந்து ஷார்ஜா: கொச்சியில் ஏறினால் இரண்டரை மணி நேரம், கோவையில் ஏறினால் நாலு மணி நேரமா?

8 நவம்பர் 2024, மாலை 6.20 (கேள்வி, பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வேலந்தாவளத்திலிருந்து)

தங்கச்சிக்கு ஜனவரி கடைசியில் பிரசவம். ஷார்ஜாவில் இருக்கிறாள். அம்மாவை அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு 64 வயது, சுகர் உண்டு, விமானத்தில் ஏறியதே இல்லை. டிராவல்ஸில் கேட்டால் கொச்சியிலிருந்து காலை 10.00 புறப்பட்டு 12.30க்கு இறங்கலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கோவைக்கு இன்னொரு சீட்டு, அதில் "பயண நேரம் 4 மணி" என்று மட்டும் இருக்கிறது. கொச்சி கடலோரம், கோவை உள்ளே தள்ளி இருக்கிறது, அதனால்தான் இந்த வித்தியாசம் என்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் மிச்சம் என்றால் கொச்சிக்கே போகலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

8 நவம்பர் 2024, இரவு 9.50

தம்பி, டிக்கெட் எடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நான் உங்கள் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். 2006லிருந்து 2020 வரை ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன், இந்த இரண்டு ஊரிலும் மாறி மாறி ஏறி இறங்கியிருக்கிறேன்.

கொச்சியிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் ஷார்ஜா போகும் பயணிகள் விமானம் இன்றைக்கு எதுவும் கிடையாது. உங்கள் சீட்டில் 10.00 என்பது இந்திய நேரம், 12.30 என்பது அமீரக நேரம். டிக்கெட்டில் எந்த ஊரோ அந்த ஊர் கடிகாரம்தான் அச்சாகும். நம் கடிகாரம் அவர்களுடையதைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே 12.30 என்றால் நம் வீட்டுச் சுவரில் 2.00. பத்திலிருந்து இரண்டு, நாலு மணி நேரம். கோவைச் சீட்டில் இருப்பதும் அதே நாலுதான். ஒன்றில் கடிகார நேரத்தை எழுதிவிட்டு இன்னொன்றில் பயண நேரத்தை எழுதியதில் வந்த குழப்பம்.

தூரம் என்று பார்த்தால், ஒரு தடவை விமானத்தில் கேப்டன் 1,500 மைல் என்று சொன்னது நினைவிருக்கிறது. அதாவது 2,400 கிலோமீட்டர். கோவை நூறு கிலோமீட்டர் கிழக்கே இருப்பதால் கோவையிலிருந்து எட்டு, பத்து நிமிடம் கூடுதலாக ஆகலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

9 நவம்பர் 2024, காலை 6.15

நேற்று ராத்திரி எழுதியதில் கடைசிப் பத்தி தவறு. படுத்த பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது. 2018இல் நான் கோவையில் இறங்கியபோது நேரம் கூடுதலாக ஆன மாதிரி நினைவே இல்லை. எழுந்து மகளின் பள்ளிக்கூட உலக உருண்டையை எடுத்தேன். பூக்கட்டும் நூல் ஒரு துண்டு. ஷார்ஜாவில் கட்டைவிரலை வைத்து நூலைக் கொச்சிக்கு இழுத்தேன். ஆறரை சென்டிமீட்டர். அதே நூலை அதே நீளத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே வடகிழக்கே நகர்த்தினேன். கோவை மேலேயே வந்து உட்கார்ந்தது.

உருண்டையில் கொச்சிக்கும் கோவைக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை, நூலை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. சாயந்திரம் வந்து கணக்குப் போடுகிறேன்.

9 நவம்பர் 2024, இரவு 10.30

கணக்குப் போட்டுவிட்டேன். விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியை உருண்டை என்று வைத்துக்கொண்டு, கால்குலேட்டரில் சைன், காசைன் போட்டது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இந்தப் பொத்தான்களை அழுத்தியது இதுதான் முதல் தடவை. மூன்று முறை சரிபார்த்தேன்.

கொச்சி நெடும்பாசேரியிலிருந்து ஷார்ஜா சுமார் 2,775 கிலோமீட்டர். கோவை பீளமேட்டிலிருந்து ஷார்ஜா சுமார் 2,770.

கோவை ஐந்து கிலோமீட்டர் கிட்டம் என்றே வருகிறது! அந்த ஐந்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பூமி முழு உருண்டை இல்லை என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும். இரண்டும் ஒரே தூரம் என்று கொள்ளுங்கள்.

ஏன் இப்படி? கடலோரம், உள்நாடு என்று பார்ப்பதால்தான் நாம் ஏமாறுகிறோம். நெடும்பாசேரியில் நின்றால் ஷார்ஜா வடமேற்கே இருக்கிறது. கோவை வடகிழக்கே. இரண்டு திசைக்கும் நடுவே 86 டிகிரி, கிட்டத்தட்ட செங்கோணம். செக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உரல், அதுதான் ஷார்ஜா. மாடு கொச்சியிலிருந்து கோவைக்கு நடக்கிறது, 120 கிலோமீட்டர். நடந்தது நடந்ததுதான், ஆனால் உரலிலிருந்து விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை.

விடவில்லை, மற்ற ஊர்களுக்கும் போட்டுப் பார்த்தேன். கோழிக்கோடு கரிப்பூர் சுமார் 2,670. கேரளத்துக்காரர்கள் கரிப்பூரைக் கிட்டம் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது, நூறு கிலோமீட்டர் குறைகிறது. திருவனந்தபுரம் சுமார் 2,940. சங்குமுகம் கடற்கரையை ஒட்டி இருக்கிற விமான நிலையம் அது, அலை தெரியும். கடலே இல்லாத கோவை அதைவிட 170 கிலோமீட்டர் ஷார்ஜாவுக்கு அருகில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

10 நவம்பர் 2024, காலை 7.00

அப்படியென்றால் முதலில் 2,400 என்று எழுதினீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கேப்டன் சொன்னது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நான் தரை மைலாக நினைத்து 1.6ஆல் பெருக்கிவிட்டேன். 1,500 கடல் மைல் என்றால் 2,778 கிலோமீட்டர், நேற்றைய கணக்கோடு ஒட்டி வருகிறது. கேப்டன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். விமானத்திலும் கப்பலிலும் மைல் என்று காதில் விழுந்தால் அது பெரும்பாலும் கடல் மைல்தான்.

12 நவம்பர் 2024, இரவு 11.10

ஒன்றரை மணி நேரத்துக்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறீர்கள், எப்படியும் போய் இறங்கத்தானே போகிறார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்காகவும், முக்கியமாகக் கேள்வி கேட்ட தம்பிக்காகவும் இதை எழுதுகிறேன்.

2016, ஜூலை. அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்க்க ஷார்ஜா வந்தார்கள். கொச்சியில் ஏற்றிவிட்டது என் மைத்துனர். டிக்கெட்டில் மாலை 7.00 புறப்பாடு, இரவு 9.30 வருகை. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் இரண்டரை மணி நேரம் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்கு அப்போது சுகர் வந்து பன்னிரண்டு வருஷம். இரவு எட்டரைக்குச் சாப்பாடு, அதற்கு முன் ஊசி. இதில் மணி தப்பவே தப்பாது. அவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்: ஒன்பதரைக்கு இறங்கி, பத்து மணிக்கு மகன் அறைக்குப் போய்ச் சூடாகச் சாப்பிடலாம், ஒன்றரை மணி நேரம் தாமதம், ஊசியை அங்கே போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது.

அங்கே பத்து மணி என்றால் அப்பா உடம்புக்கு மணி பதினொன்றரை.

மதியம் போட்ட மருந்து உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது. மூன்றரை மணி சுமாருக்கு ஒரு பழம் தின்றது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கட்டிக்கொண்டு வந்த இட்லியும் பொடியும் பெரிய பெட்டியில், விமானத்தின் வயிற்றில். சாப்பாடு சேர்க்காத மலிவு டிக்கெட் அது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அப்பாவுக்கு அது தெரியவும் இல்லை, கேட்கக் கூச்சம் வேறு. கைக்கடிகாரத்தில் ஒன்பதரை ஆயிற்று, விமானம் இறங்கவில்லை. கீழே பார்த்தால் இருட்டு, கடல். ஒன்பதே முக்கால், பத்து. அம்மா என்னிடம் சொன்னது: "ஏதோ கோளாறாகி சுத்திட்டே இருக்குதுன்னு நெனச்சேன்." பயம் ஒரு பக்கம். அப்பாவுக்கு வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழற ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையில் இருந்த திருச்சூர் பெண் ஒருவர் பார்த்துவிட்டு மணியை அழுத்தினார். பணிப்பெண் ஓடி வந்து ஜூஸ் கொடுத்து, சர்க்கரைப் பொட்டலம் இரண்டைக் கிழித்து நாக்கில் போட்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்.

நான் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா சக்கர நாற்காலியில் வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். சட்டைக் கழுத்து மட்டும் நனைந்து கிடந்தது. அந்தச் சட்டையைப் பார்த்த நிமிடம் இன்னும் போகவில்லை.

டிக்கெட் போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து வருஷமாக அங்கே இருந்தவன் நான். போனில் "ஒன்பதரைக்கு வந்துடுவீங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். எந்த ஊர் ஒன்பதரை என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்க வேண்டும். அதனால்தான் யாராவது "இரண்டரை மணி நேரம்" என்று சொன்னால் நான் விடுவதில்லை.

13 நவம்பர் 2024, காலை 8.05

மேலே எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு திருத்தம் சொன்னார். மூன்றரைக்குத் தின்றது பழம் இல்லை, அங்கமாலியில் வண்டியை நிறுத்திச் சாயாவும் ஒரு பருப்புவடையும். அதுவும் சர்க்கரை போடாத சாயா. மற்றதெல்லாம் சரி என்றார். அந்தத் திருச்சூர் பெண்ணை இன்றைக்கும் கேட்கிறார், எங்கே இருக்கிறாரோ.

15 நவம்பர் 2024, இரவு 9.20

மணிக்கு 830 கிலோமீட்டர் பறக்கிற விமானத்துக்கு 2,770 கிலோமீட்டர் போக மூன்று மணி இருபது நிமிடம்தானே ஆக வேண்டும், மீதி நாற்பது நிமிடம் எங்கே போயிற்று? நல்ல கேள்வி.

டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கிற நேரம் இல்லை. கதவைச் சாத்தி, வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளுகிற நிமிடத்திலிருந்து, அந்தப் பக்கம் போய் நின்று இன்ஜினை அணைக்கிற நிமிடம் வரை. நடுவில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் ஒருவர் இறங்கக் காத்திருப்பது, மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது எல்லாம் சேரும். போதாததற்கு, புறப்படும் விமானம் நேராக ஷார்ஜாவைப் பார்த்துக் கிளம்ப முடியாது. ஓடுபாதை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் முதலில் போக வேண்டும். கொச்சியில் ஓடுபாதை கிழக்கு மேற்காக 3,400 மீட்டர். கோவையில் வடகிழக்கு தென்மேற்காக 2,990 மீட்டர். காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும் என்பதால் எந்த முனையிலிருந்து ஓடுவது என்பதை அன்றைய காற்று தீர்மானிக்கும்.

குறுகிய தூரத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். கோவையிலிருந்து சென்னை வானில் 404 கிலோமீட்டர், கொச்சியிலிருந்து சென்னை 518. நூற்றுப்பதினான்கு கிலோமீட்டர் வித்தியாசம், ஆனால் நேர அட்டவணையில் ஐந்து, பத்து நிமிடம்தான் பெரும்பாலும் கூடும். பாதி நேரம் தரையிலும் ஏற்ற இறக்கத்திலும் போய்விடுகிறது. சென்னை மகன் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: அதற்கு விமானமே வேண்டாம், பாலக்காட்டிலோ கோவையிலோ ராத்திரி ரயிலில் ஏறிப் படுத்துக்கொள்ளுங்கள்.

17 நவம்பர் 2024, மாலை 5.45

பூமி கிழக்கே சுற்றுவதால் மேற்கே போகிற விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வரும், அதனால் ஷார்ஜா போவது சீக்கிரம், வருவது தாமதம் என்று ஒருவர். இல்லைங்க. காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் இருக்கிறது. சித்தூர் பஸ்ஸில் கண்டக்டர் முன்னாலிருந்து பின்னால் வர ஐந்து நிமிடம் என்றால், பின்னாலிருந்து முன்னால் போகவும் அதே ஐந்து நிமிடம்தான். பஸ் எந்தப் பக்கம் ஓடினால் அவருக்கு என்ன.

நடப்பதும் நேர்மாறு. போகும்போது நாலு மணி, வரும்போது மூன்றரை, மூன்றே முக்கால். காரணம் மேல்காற்று. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று எப்போதும் இருக்கும். வளைகுடாப் பக்கம் நெருங்க நெருங்கப் பலமாக இருக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், போகும்போது 750 வேகம், 3 மணி 42 நிமிடம். வரும்போது 910, 3 மணி 3 நிமிடம். நாற்பது நிமிட வித்தியாசம் காற்றினால் மட்டும்.

23 நவம்பர் 2024, இரவு 10.00

"எப்போதும் இருக்கும்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஒலவக்கோட்டிலிருந்து ஒருவர், பதினெட்டு வருஷமாக வளைகுடாவுக்குப் போய் வருகிறவர், ஜூலையில் போகும்போது இருபது நிமிடம் முன்னாலேயே இறங்கியிருக்கிறேன் என்று எழுதினார். முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆடி மாசம் நம் ஊரில் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமே. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து மேற்கேயிருந்து அடித்துத் தள்ளும். எங்கள் வயல் வரப்பில் ஏழு பனை நிற்கிறது, ஏழும் ஓலையைக் கிழக்கே காட்டிக்கொண்டு மூன்று மாசம் நிற்கும், காய்ந்த மட்டை விழுந்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் போய் விழும். அம்மியே பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றில் மேற்கே போகிற விமானம் எப்படிச் சீக்கிரம் போகும்?

படித்துப் பார்த்ததில் அவர் சொன்னதுதான் சரி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கீழே காற்று மேற்கிலிருந்து வருகிறது, மேலே நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. கிழக்குத் தாரைக்காற்று என்று இதற்குப் பெயர். இந்திய வானிலைத் துறையில் இருந்த பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையால்தான் உலகத்துக்கு இது நன்றாகத் தெரிய வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கும் அரபிக்கடலுக்கும் மேலே. அதன் வலுவான பாகம் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் விமானங்கள் 10, 12 கிலோமீட்டரில் அதன் அடிப்பாகத்தைத்தான் தொடுகின்றன. அதனால் முழு வேகமும் கிடைக்காது, ஆனாலும் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிடும்.

என் தலைக்கு மேலே பத்து கிலோமீட்டரில் காற்று எதிர்ப்பக்கம் போகிறது என்பது ஐம்பத்து மூன்று வயது வரை எனக்குத் தெரியாது. அடுத்த ஆடியில் அந்தப் பனைகளைப் பார்க்கும்போது மேலேயும் பார்ப்பேன். ஒலவக்கோட்டு அண்ணனுக்கு நன்றி.

தம்பி, உங்கள் அம்மா போவது ஜனவரி. அது எதிர்க்காற்றுக் காலம். நாலு மணி நேரம் முழுசாக ஆகும் என்றே வையுங்கள்.

1 டிசம்பர் 2024, மாலை 4.30

இனி சாலை. வானத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டதால் முடிவைச் சாலைதான் சொல்ல வேண்டும்.

என் வீட்டிலிருந்து பீளமேடு 45 கிலோமீட்டர் சொச்சம், நெடும்பாசேரி 130 சொச்சம். வேலந்தாவளத்திலிருந்து கோவைக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் குறையும். விடிகாலையில் உக்கடம் வழியாக ஒரு மணி நேரம் போதும். கொச்சிக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். குதிரான் சுரங்கம் 2021 ஜூலை 31இல் திறந்த பிறகு எவ்வளவோ மேல். அதற்கு முன் வடக்கஞ்சேரி தாண்டி அந்த மலையில் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்த பயணங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. சுரங்கத்துக்குள் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். ஆனால் மண்ணுத்தி தாண்டி, பாலியேக்கரை சுங்கச்சாவடி, சாலக்குடி, அங்கமாலி என்று எங்கே நிற்க வேண்டி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டுதான் கிளம்புவோம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். மொத்தம் கூட்டினால் கொச்சிப் பயணம் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கோவை என்றால் எட்டு, ஒன்பது.

2018 ஆகஸ்டை மறக்க முடியாது. ஓணத்துக்கு வர டிக்கெட் கொச்சிக்கு எடுத்திருந்தேன். பெரியாறு பொங்கி ஓடுபாதையிலேயே தண்ணீர். ஆகஸ்ட் 15 முதல் 29 வரை விமான நிலையம் மூடிக் கிடந்தது. குதிரானிலும் மண் சரிந்து வழி அடைந்தது. கூடுதல் பணம் கட்டி மாற்றிக் கோவையில் வந்து இறங்கினேன். மதுக்கரைப் பக்கம் மழை தூறிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம். திருவோணம் 25ஆம் தேதி, அந்த வருஷம் யாரும் கொண்டாடவில்லை. வீட்டில் எல்லோரும் முகாமுக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நானும் பெட்டியை வைத்துவிட்டு அதில் சேர்ந்துகொண்டேன்.

2 டிசம்பர் 2024, காலை 9.00

கொச்சியைக் குறைத்துப் பேசுவதாக இரண்டு பேர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 1999இல் அது திறந்ததால்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வளைகுடா கைக்கெட்டியது. வெளிநாட்டில் வேலை செய்தவர்கள் போட்ட பணமும் சேர்ந்து எழுந்த நிலையம் அது. 2015இல் முழுக்க சூரிய மின்சாரத்தில் ஓடுகிற முதல் விமான நிலையம் என்று உலகமே பேசியது. நான் கடைசியாகத் திரும்பி வந்ததும் அங்கேதான், 2020 ஜூனில், கொரோனா நேரத்துச் சிறப்பு விமானத்தில். அப்போது மாநில எல்லையான வாளையாரில் பாஸ் இல்லாமல் ஒருவரும் தாண்ட முடியாது, வேலந்தாவளம் வழியையும் அடைத்திருந்தார்கள். கோவையில் இறங்கியிருந்தால் நாற்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிற என் வீடு வெளிநாடாகிப் போயிருக்கும்.

கொச்சியிலிருந்து விமானங்கள் அதிகம், நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம், டிக்கெட்டும் பல நாள் மலிவு. தனியாகப் போகிற இளவட்டங்கள் தாராளமாக அங்கே போகட்டும். 64 வயதில் முதல் தடவை ஏறுகிற அம்மாவுக்கு நான் கோவையைத்தான் சொல்வேன்.

19 டிசம்பர் 2024, இரவு 8.40

தம்பி கோவையிலேயே எடுத்துவிட்டாராம். ஜனவரி 5, விடிகாலை 4.30 புறப்பாடு, 7.00 வருகை. நல்லது.

ஒரு வேண்டுகோள். ஒரு முழுத் தாளில், பெரிய எழுத்தில், அம்மாவுக்கு எல்லாவற்றையும் இந்திய நேரத்தில் எழுதிக் கொடுங்கள். கிளம்புவது 4.30, இறங்குவது 8.30. ஏழு மணி என்ற எண்ணே அந்தத் தாளில் வேண்டாம். கைக்கடிகாரத்தையும் மாற்றச் சொல்ல வேண்டாம், அங்கே போய் இரண்டு நாள் கழித்து மாற்றிக்கொள்ளட்டும். காலை மருந்து எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட வேண்டும் என்பதை டாக்டரிடம் இந்தத் தாளைக் காட்டியே கேளுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் கீழே குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். பிஸ்கட், நாலு மிட்டாய், இரண்டு இட்லி, இதெல்லாம் மடியில் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை சோதனையில் வாங்கிவிடுவார்கள், உள்ளே போன பிறகு பிடித்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியை டிக்கெட்டோடு இப்போதே கேட்டுவிடுங்கள், அம்மா நன்றாக நடப்பார் என்றாலும் கேளுங்கள். வழி தெரிந்த ஓர் ஆள் கூடவே வருவார்.

6 ஜனவரி 2025, இரவு 9.15

அம்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி போன் செய்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் கேட்டுக்கொண்டதால் அம்மா அந்தத் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார், எல்லாம் இந்திய நேரம். கதவு சாத்தியது 4.25. சக்கரம் தரையை விட்டது 4.45. சக்கரம் தரையைத் தொட்டது 8.20. கதவு திறந்தது 8.35.

காற்றில் இருந்தது மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். 2,770ஐ வகுத்தால் மணிக்கு 773. ஜனவரி எதிர்க்காற்று அதில் தெரிகிறது. என் கால்குலேட்டரைவிட அந்தப் பென்சில் எழுத்து எனக்குப் பெரிதாகப் படுகிறது. தம்பி, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஆறரைக்கு இட்லி, பிறகு மாத்திரை. ஒரு தொந்தரவும் இல்லையாம்.

11 பிப்ரவரி 2025, காலை 7.30

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அம்மா கைக்கடிகாரத்தை இன்னும் மாற்றவில்லையாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் ஆயிற்றா என்று தினமும் வேலந்தாவளத்துக்குப் போன் செய்ய அதுதான் வசதி என்கிறாராம்.

மார்ச் கடைசியில் திரும்புகிறார். டிக்கெட்டில் இரவு 10.40 புறப்பாடு, விடிகாலை 4.00 வருகை, ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல் வருகிறதே, வரும்போது சீக்கிரம் என்றீர்களே என்று தம்பி கேட்கிறார். இப்போது ஒன்றரையைக் கழிக்க வேண்டும் தம்பி. அம்மா கடிகாரத்தில் கிளம்பும்போது மணி 12.10 இருக்கும், இறங்கும்போது 4.00. மூன்று மணி ஐம்பது நிமிடம். அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டிருக்கிறார்கள், பின்காற்று கிடைத்தால் மூன்றே முக்காலுக்கே இறங்கிவிடும். அங்கே ராத்திரிச் சாப்பாட்டையும் மருந்தையும் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்பட்டும், நடுவில் பசித்தால் பிஸ்கட்.

தாளில் இந்தத் தடவையும் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். சக்கரம் விட்டது, தொட்டது, இரண்டு மட்டும் போதும். நீங்கள் மூன்றரைக்கே பீளமேட்டில் போய் நில்லுங்கள்.